நான்கெழுத்து உடன்பாடு

டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் வேலை என்றால் ஆய்வகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். ஆராய்ச்சியின் சுவையான பகுதிக்குப் போகும் முன் கடந்தாக வேண்டிய சலிப்பு அது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அதுதான் சுவை. அதிலும் இரண்டு நாட்டு மாணவர் அணிகள் ஒன்றின் துண்டை மற்றொன்று வாங்கி, தனக்குத் தெரிந்த முறையில் ஒட்டிப் பார்த்து, "வந்துவிட்டது, வெள்ளையாக வந்துவிட்டது!" என்று அகாலத்தில் செய்தி போடுவது இருக்கிறதே, என் படிப்புக் காலத்தில் அதற்கு ஈடாக வேறெதையும் நான் அனுபவித்ததில்லை.

ஐஜெம் என்ற போட்டியைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 2003 ஜனவரியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், இரண்டு பருவங்களுக்கு நடுவே நடத்தும் ஒரு சின்ன வகுப்பாகப் பிறந்தது அது. 2004 கோடையில் ஐந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கலந்துகொண்ட போட்டியானது. மாணவர்கள் அணி சேர்ந்து, பாக்டீரியாவுக்கோ ஈஸ்டுக்கோ புதிய வேலை ஒன்றைக் கற்றுக்கொடுக்கும் டி.என்.ஏ.வை வடிவமைத்து, கட்டி, சோதித்துக் காட்ட வேண்டும். நான் ஜெர்மனியில் முதுகலை படித்தபோது 2018இல் அங்கிருந்த ஓர் அணியில் சேர்ந்தேன். அந்த ஆண்டு உலகம் முழுவதிலுமிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள். வெள்ளிப் பதக்கம் வேண்டுமானால் இன்னோர் அணியோடு உண்மையாகச் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்று விதியே இருந்தது. பதக்கத்துக்காகத் தொடங்கிய அந்த வேலைதான் எங்கள் கோடையின் உயிர்நாடியாக ஆகிவிட்டது.

இதன் அழகு புரிய, ஒட்டும் முறைகளின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். எனக்கு அதைச் சொல்வதிலேயே ஓர் ஆனந்தம்.

டாம் நைட் என்று ஒருவர். அடிப்படையில் கணினிப் பொறியாளர். நடுவயதில் உயிரியல் பக்கம் வந்தவர், இங்கே ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு விதமாக டி.என்.ஏ.வை ஒட்டுவதைப் பார்த்து வியந்தார். 1864இல் வில்லியம் செல்லர்ஸ் பிலடெல்பியாவில் எழுந்து நின்று, எல்லாப் பட்டறைகளும் ஒரே மாதிரி மரையுள்ள திருகாணிகளைச் செய்யட்டும் என்று வாதாடினார். இந்தத் துறையில் அந்தக் கதையைச் சொல்லாத ஆசிரியர் அரிது. நைட் டி.என்.ஏ.வுக்கு அதையே கேட்டார். 2003இல் அவர் வகுத்த முறைதான் பயோபிரிக். ஒவ்வொரு துண்டின் முன்பக்கமும் ஈக்கோ-ஆர்-ஒன், எக்ஸ்பா-ஒன் என்ற வெட்டு நொதிகளுக்கான இடங்கள். பின்பக்கம் ஸ்பீ-ஒன், பி.எஸ்.டி-ஒன். எக்ஸ்பாவும் ஸ்பீயும் வெவ்வேறு எழுத்துகளைப் படித்து வெட்டினாலும் விட்டுச்செல்லும் முனை ஒன்றே. ஆகவே ஒன்றின் வால் மற்றொன்றின் தலையோடு ஒட்டும். ஒட்டிய இடத்தை இரண்டு நொதிகளுக்கும் மறுபடி அடையாளம் தெரியாது. ரயில் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளைக் கோத்த பிறகும் இரு கோடியிலும் அதே கொக்கிகள் மிச்சமிருக்கும். கோத்தது மறுபடி ஒரு பெட்டியாகவே நடந்துகொள்ளும். எத்தனை முறை கோத்தாலும் விதி மாறாது. இந்த ஒரே எண்ணத்துக்காக நைட்டைக் கையெடுத்துக் கும்பிடலாம்!

இதன் விளைவாக எழுந்ததுதான் பாகங்களின் பொதுக் களஞ்சியம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் அதில் பதிவாகியுள்ளன. எங்களுக்கு 384 குழிகள் கொண்ட தட்டுகளாக அது வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குழியிலும் கண்ணுக்கே தெரியாத அளவு காய்ந்த டி.என்.ஏ. பிப்பெட்டால் பத்து மைக்ரோலிட்டர் தண்ணீர் விட்டால் சிவப்பாகக் கரைந்து எழும். முன்பின் தெரியாத ஒரு மாணவன் எங்கோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கோடையில் கட்டிய பாகம், என் கண்முன் உயிர்பெறுகிறது. முதல் தடவை பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. இன்றும் அப்படியே.

ஆனால் பயோபிரிக்கில் ஒரு குறை உண்டு. ஒட்டிய இடத்தில் எட்டு எழுத்துத் தழும்பு விழும். மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் இயந்திரத்துக்கு எட்டு என்பது ஒவ்வாத கணக்கு, வாசிப்பு தடம்புரளும். போதாததற்கு அந்தத் தழும்புக்குள்ளேயே 'இங்கே நிறுத்து' என்று பொருள்படும் மூன்றெழுத்து வேறு. ஆக, இரண்டு புரதங்களை இணைத்து ஒரே புரதமாக்க அது உதவாது. இதைச் சரிசெய்ததில் யாருக்குப் பங்கு என்று நினைக்கிறீர்கள்? 2007ஆம் ஆண்டின் ஃபிரைபர்க் மாணவர் அணிக்கு! இன்னும் இரண்டு வெட்டிடங்களைச் சேர்த்து, தழும்பு ஆறெழுத்தாகச் சுருங்கி, திரியோனின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களாக மட்டும் படிக்கப்படும்படி செய்தார்கள். அந்த முறை இன்றும் அந்த ஊரின் பெயராலேயே வழங்குகிறது.

பிறகு கிப்சன் முறை வந்தது. கிரெய்க் வென்டர் நிறுவனத்தில் டேனியல் கிப்சன் 2009இல் வெளியிட்டது. ஒரே குழாய், 50 பாகை செல்சியஸ், ஒரு மணி நேரம், மூன்று நொதிகள். முதலாவது துண்டுகளின் முனையை ஒருபக்கமாக அரித்துத் தரும். அரித்த முனைகள் ஒத்த எழுத்துகளைக் கண்டு ஒன்றோடொன்று படியும். இரண்டாவது இடைவெளியை நிரப்பும். மூன்றாவது தைத்து மூடும். தழும்பே இல்லை. இதை மாணவர் உலகத்துக்குள் கொண்டுவந்ததில் 2010 கேம்பிரிட்ஜ் அணியின் பங்கு பெரிது. பாக்டீரியாவை ஒளிரவைத்த அந்தப் பிள்ளைகள், கிப்சன் முறையை ஐஜெம் பாகங்களுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று முறைப்படி எழுதிவைத்தார்கள். வடிவமைக்க ஒரு மென்பொருளும் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்த முறையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடிப் படமெடுத்தும் வெளியிட்டார்கள். எங்கள் ஆய்வகத்தில், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓடும் நேரமெல்லாம் அந்தப் பாட்டு ஓடும். அதைக் கேட்டே நொதிகளின் வரிசையை மனப்பாடம் செய்தவர்கள் எங்கள் அணியில் உண்டு.

என் மனம் முழுவதையும் கொள்ளையடித்தது மட்டும் கோல்டன் கேட். 2008இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து கரோலா எங்லர், ரோமி காண்ட்சியா, சில்வெஸ்டர் மரிலோனே ஆகிய மூவர் வெளியிட்ட முறை. பி.எஸ்.ஏ-ஒன் என்ற நொதி ஓர் ஆறெழுத்தைப் படிக்கும். ஆனால் அங்கே வெட்டாது. கொஞ்சம் தள்ளி, எந்த எழுத்து இருந்தாலும் கவலைப்படாமல் வெட்டி, நான்கெழுத்து முனை ஒன்றை நீட்டி விடும். அந்த நான்கெழுத்து என்னவாக இருக்க வேண்டும் என்பது நம் விருப்பம். படிக்கும் இடம் வெட்டுப்பட்டுக் கழிந்துபோவதால், சரியாக ஒட்டியதை நொதியால் மறுபடி வெட்ட முடியாது. படிக்கும் இடத்தோடு மறுபடி ஒட்டிக்கொண்டதைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டும் நொதியையும் ஒட்டும் லைகேஸையும் ஒரே குழாயில் போட்டு, 37 பாகைக்கும் 16 பாகைக்கும் மாற்றி மாற்றிச் சுழலவிட்டால் போதும், துண்டுகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் அந்த நான்கெழுத்துக்கு மதிப்பு. மரபணுவை இயக்கிவிடும் புரொமோட்டர் ஜி-ஜி-ஏ-ஜி என்று தொடங்கட்டும், மரபணு ஏ-ஏ-டி-ஜி என்று தொடங்கட்டும் என்று ஓர் உடன்பாடு. இதில் ஏ-ஏ-டி-ஜி எவ்வளவு நேர்த்தி பாருங்கள்: மரபணு பெரும்பாலும் ஏ-டி-ஜி என்றுதான் தொடங்கும், அதையே கொக்கியாக்கிவிட்டார்கள்! இந்த உடன்பாட்டை மதிக்கும் எந்த அணியின் புரொமோட்டரும் எந்த அணியின் மரபணுவோடும் சேரும். ஓர் அணி மட்டும் தனியே உட்கார்ந்துகொண்டு இதைச் சோதிக்கவே முடியாது. ஆகவேதான் சொல்கிறேன், இந்த முறைகளில் கூட்டு வேலை என்பது விதிக்காகச் சேர்த்துக்கொண்ட அலங்காரம் இல்லை. முறையே அதுதான்.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

வசந்த காலத்தில் அணிகள் கூடிய ஒரு சந்திப்பில் நெதர்லாந்து அணி ஒன்றோடு பேச்சு வளர்ந்தது. அவர்கள் கிப்சன் பக்தர்கள். நாங்கள் கோல்டன் கேட் பக்தர்கள். அவர்களுக்கு ஒரு சிக்கல். மூன்று மரபணுக்களை வரிசையாகக் கட்டுகிறார்கள், மூன்றின் முடிவிலும் படியெடுப்பை முடித்துவைக்கும் ஒரே டெர்மினேட்டர். கிப்சன் முறையில் முனைகள் ஒத்த எழுத்தைத் தேடிப் படியும் அல்லவா? முதல் மரபணுவின் வாலும் இரண்டாவதன் வாலும் ஒன்றுபோலவே இருந்ததால் நடுவிலுள்ளதை விட்டுவிட்டு மூன்றாவதோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஜெல்லில் ஒவ்வொரு தடவையும் பட்டை குறைவான நீளத்தில்தான் நிற்கிறது. எங்கள் சிக்கல் இதற்கு நேர் எதிர். நாங்கள் பயன்படுத்த விரும்பிய மண் பாக்டீரியா மரபணு ஒன்றின் நடுவிலேயே பி.எஸ்.ஏ-ஒன் படிக்கும் ஆறெழுத்து இருந்தது. குழாயில் போட்டால் நொதி எங்கள் மரபணுவையே இரண்டாக வெட்டிவிடும்.

அவர்களின் நோய்க்கு எங்கள் முறை மருந்து, எங்கள் நோய்க்கு அவர்களின் முறை மருந்து! இதை இரு தரப்பும் ஒரே நேரத்தில் உணர்ந்த அந்தக் காணொளி அழைப்பு இன்னும் என் நினைவில் பளிச்சென்று நிற்கிறது. அந்தப் பக்கம் ஒரு பெண் வெள்ளைப் பலகையில் எங்கள் மரபணுவின் அந்த ஆறெழுத்தை எழுதினாள்: ஜி-ஜி-டி, சி-டி-சி. கடைசி எழுத்தை அழித்து ஜி என்று மாற்றினாள். "இப்போதும் கிளைசின், லூசின் தானே? புரதத்துக்கு ஒன்றும் ஆகாது" என்றாள். ஆகாது என்பது மட்டுமில்லை, லூசினுக்கு ஈ.கோலை பாக்டீரியா மிக அதிகமாகப் பயன்படுத்தும் எழுத்துக்கூட்டே சி-டி-ஜி தான். ஓர் எழுத்து மாற்றத்தில் தடையும் போயிற்று, மரபணு புதுக்குடித்தனத்துக்கு இன்னும் ஏற்றதாகவும் ஆயிற்று. அந்த ஓர் எழுத்தைச் சுமந்த சிறு பிரைமர்களைக் கொண்டு மரபணுவை இரண்டு பாதியாகப் பெருக்கி, கிப்சன் முறையில் தழும்பில்லாமல் மறுபடி சேர்த்துத் தருவது அவர்கள் பொறுப்பு.

எங்கள் பொறுப்பு அவர்களின் மூன்று மரபணுக்களுக்கும் நான்கெழுத்து முனைகளைத் தேர்ந்துகொடுப்பது. எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. நான்கெழுத்தில் 256 சேர்க்கைகள் உண்டு. அவற்றில் 16 தம்மைத் தாமே பிடித்துக்கொள்ளும், அவை கூடாது. மிச்சமுள்ள 240இல் ஒவ்வொன்றுக்கும் எதிரிணை ஒன்று இருப்பதால் உண்மையில் 120 கொக்கிகள்தான். அவற்றிலிருந்து ஒன்றோடொன்று குழம்பாதவற்றைப் பொறுக்க வேண்டும். ஓரெழுத்து மட்டும் வேறுபடும் இரண்டை ஒரே குழாயில் போட்டால் லைகேஸ் ஏமாறலாம். முனைகளைப் பொறுத்து ஒட்டும்போது டெர்மினேட்டர் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றிக் கவலையே இல்லை. அது எத்தனை தடவை வந்தாலும் கொக்கிகள் வேறுவேறு. எந்த இணைகளை லைகேஸ் எவ்வளவு துல்லியமாக ஒட்டுகிறது என்று அளந்து நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் ஆய்வாளர்கள் அதே ஆண்டில் வெளியிட்ட தரவுகள் இந்தத் தேர்வையே அறிவியலாக்கிவிட்டன. அதன் துணையால் முதலில் 24 துண்டுகளையும், 2020இல் 35 துண்டுகளையும், 2022இல் 52 துண்டுகளைச் சேர்த்து டி-செவன் வைரஸின் 40,000 எழுத்து மரபுத்தொகுதி முழுவதையும் ஒரே குழாயில் கட்டிக்காட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை!

துண்டுகள் தபாலில் போயின. வடிகட்டித்தாளில் பென்சிலால் சிறு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு சொட்டு டி.என்.ஏ.வை விட்டு உலர்த்தி, சாதாரண உறைக்குள் வைத்தோம். அங்கே வட்டத்தை வெட்டியெடுத்து நீரில் ஊறவைத்தால் டி.என்.ஏ. தயார். குளிர்பெட்டியும் வேண்டாம், தனிக் கூரியரும் வேண்டாம். உயிரின் எழுத்து எவ்வளவு உறுதியானது என்று பாடப்புத்தகத்தில் படித்ததை அந்தத் தபால்தலை ஒட்டிய உறையில்தான் நான் உணர்ந்தேன்.

ஒட்டலுக்கான நொதிகளைக் கலந்து, ஒட்டியதை பாக்டீரியாவுக்குள் ஏற்றிய மறுநாள் காலை அவர்கள் பெட்ரி தட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார்கள். நாங்கள் கொடுத்த பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் சிவப்புப் புரதத்துக்கான மரபணு ஒன்று முன்பே உட்கார்ந்திருக்கும். புதிய துண்டுகள் சரியாக நுழைந்தால் அது வெளியேறும். காலனி வெள்ளையாக வளரும். நுழையாவிட்டால் சிவப்பு. அந்தத் தட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளி, மற்றதெல்லாம் வெள்ளை, வெள்ளை, வெள்ளை! பிறகு பி.சி.ஆர். செய்து ஜெல்லில் ஓட்டினார்கள். பட்டை இம்முறை முழு நீளத்தில் நின்றது. வாரக்கணக்காகக் காணாமல்போன நடு மரபணு தன் இடத்தில் இருந்தது. இரண்டு ஆய்வகத்திலும் ஒரே நேரத்தில் எழுந்த கூச்சலில் ஒலிபெருக்கி திணறியது.

சில நாளில் எங்கள் மரபணுவும் திரும்பி வந்தது. வரிசை வாசித்துப் பார்த்தோம். ஓரெழுத்து மட்டும் மாறி, மற்றவை அப்படியே. பி.எஸ்.ஏ-ஒன் அதைத் தொடவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. நம் செய்முறைக் குறிப்பை, நம்மைப் பார்த்தே இராத ஒருவர், வேறு நிறுவன நொதியோடு, வேறு இயந்திரத்தில் செய்து பார்ப்பதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. எந்த ஆய்வகக் குறிப்பிலும் 'சிறிது நேரம்', 'மெதுவாக' போன்ற சொற்கள் இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அவை புரியும். அவர்கள் கேட்ட கேள்விகளால் அவை ஒவ்வொன்றும் நிமிடமாகவும் பாகையாகவும் மைக்ரோலிட்டராகவும் மாறின. கோடை முடிவில் எங்களிடம் இருந்த குறிப்பு, பிப்பெட் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய குறிப்பு. இந்த நன்மையைப் பெரிய அளவில் காண வேண்டுமானால் ஐஜெம்மின் ஆய்வகங்களுக்கிடையேயான அளவீட்டுப் பணியைப் பாருங்கள். அந்த 2018இல் 244 ஆய்வகங்கள் ஒரே செய்முறையைப் பின்பற்றி பாக்டீரியா எண்ணிக்கையை அளந்தன. 2020இல் அது 'கம்யூனிகேஷன்ஸ் பயாலஜி' இதழில் கட்டுரையாக வெளிவந்தது. பெரும்பாலும் இளநிலை மாணவர்களின் கைவேலை!

அக்டோபரில் பாஸ்டன். ஹைன்ஸ் மாநாட்டு மையத்தின் அகன்ற கூடத்தில் சுவரொட்டிகளின் நடுவே நெதர்லாந்து நண்பர்களை நேரில் பார்த்து, கட்டிப்பிடித்து, அடுத்த நிமிடமே டெர்மினேட்டர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். இறுதி மேடையில் நடந்ததை இன்னும் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இளநிலைப் பிரிவின் முதல் பரிசு வலென்சியா அணிக்கு. அவர்கள் கட்டிய 'பிரிண்டீரியா' என்ற கருவி, துளித்துளியாக நீரை மின்சாரத்தால் நகர்த்தி, கோல்டன் கேட் முறையில் டி.என்.ஏ.வைத் தானே ஒட்டி பாக்டீரியாவுக்குள் ஏற்றும். முதுநிலைப் பிரிவின் முதல் பரிசு மார்பர்க் அணிக்கு. பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இரட்டிப்பாகக்கூடிய விப்ரியோ நேட்ரிஜென்ஸ் என்ற கடல் பாக்டீரியாவுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட கோல்டன் கேட் பாகங்களை அவர்கள் தொகுத்திருந்தார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இரண்டு மகுடமும் ஒட்டும் கலைக்கே! புதிய மருந்து, புதிய எரிபொருள் என்று கண்ணைப் பறிக்கும் திட்டங்கள் அத்தனை இருந்தும், அடுத்தவர் கட்டுவதை எளிதாக்கிய வேலைக்கு நடுவர்கள் முதலிடம் கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி என்று அன்று எழுந்து நின்று கைதட்டினேன். இன்றும் அதே கருத்துதான்.

இதையெல்லாம் எழுதுவது தமிழ்நாட்டில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக. சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் 2008லேயே இந்தப் போட்டிக்குப் போய்விட்டார்கள். செயற்கை உயிரியலைப் பல மொழிகளில் விளக்கும் காணொளிகளுக்காகப் பிற நாட்டு அணிகளையும் பின்னாளில் கூட்டு சேர்த்தார்கள். பாதை புதிதல்ல. பங்கேற்புக் கட்டணமும் பயணச் செலவும் கனமானவை, மறைக்க மாட்டேன்; துறைத் தலைவரையும் முன்னாள் மாணவர்களையும் விடாமல் கேளுங்கள். வழிகாட்ட ஒரு பேராசிரியரைப் பிடியுங்கள். டிசம்பருக்குள் அணி சேருங்கள். முதல் பிரைமருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, எந்த நான்கெழுத்து முனைகளைப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று எழுதி, உங்களுக்குப் பிடித்த வேறு நாட்டு அணி ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிச்சயம் பதில் வரும். இந்த உலகத்தில் இருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்.